எழுபத்தோரு குருவிகள்

பெரியவளே, சின்னவனே,

நேற்று புத்தரைக் கும்பிடப் போன பயா வாசலில், குருவி விற்கும் அம்மாவின் கடை முன்னால் நான் அப்படிக் கத்தியதை நீங்கள் இரண்டு பேரும் மறக்க மாட்டீர்கள். மறக்கவும் வேண்டாம். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்தது. வயதுக்கு ஒன்று கூட்டிப் பதின்மூன்று குருவி விடுவது உங்கள் அம்மா வீட்டு வழக்கம். அந்த அம்மா பெரிய கூண்டுக்குள் கையை விட்டு, ஒவ்வொன்றாகப் பிடித்து ஒரு சின்னப் பிரம்புக் கூடைக்குள் போட்டார். பெரியவளே, நீயும் கூடவே எண்ணினாய். பதின்மூன்று என்று சொல்லி நீ கையை நீட்டியபோது கூடைக்குள் அந்தச் சத்தம் கேட்டது. சிறகோடு சிறகு உரசுகிற சத்தம். அது எனக்குத் தெரிந்த சத்தம். கூடையைப் பிடுங்கித் தரையில் வைத்தேன். உன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். "அண்ணே, காசு குடுத்துட்டு குருவிய விட்டுட்டுப் போறீங்களே!" என்று அந்த அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டதையும் கேட்காதவன் போல வந்துவிட்டேன். தின்கன்ஜூன் வீடு வந்து சேரும்வரை டாக்ஸியில் உங்கள் அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னவன் மட்டும் பர்மியத்தில் கேட்டான்: "குருவி விட்டா புண்ணியம்தானே அப்பா, அதுக்கு ஏன் கோபம்?"

அந்தக் கேள்விக்கான பதிலை இப்போது எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பர்மியத்தில் இதைச் சொன்னால், என் பழைய முதலாளி சொன்ன மாதிரியே சுலபமாக வாயில் வந்துவிடும். அந்த மொழியில் இந்தக் கதையை அவர் பல பேருக்குப் பல தடவை சொல்லிவிட்டார். பெரியவள் கோயில் ஞாயிறு வகுப்பில் தமிழ் படித்திருக்கிறாள். மெதுவாகப் படி. படித்து, தம்பிக்குப் பர்மியத்தில் சொல். சொல்லும்போது ஒரு வார்த்தையைக் கூட்டாதே, ஒன்றையும் குறைக்காதே. அப்பாவைக் காப்பாற்றுவதற்காகக்கூடக் குறைக்காதே.

உனக்கு மூன்று வயதாக இருந்தபோது நான் இங்கே ரங்கூன் தாமுவேயில் ஒரு சின்னப் பயண ஏஜென்சியில் வேலை பார்த்தேன். மாடிப்படி ஏறினால் ஓர் அறை, ஒரு மின்விசிறி, சுவரில் இலங்கைப் படம். முதலாளியை எல்லோரும் போல நானும் சயா என்றுதான் கூப்பிடுவேன். வருஷத்துக்கு நாலைந்து தடவை அவர் இங்கிருந்து பௌத்தர்களை இலங்கைக்கு யாத்திரை அழைத்துப் போவார். கண்டியில் புத்தரின் பல்லை, தந்த தாதுவைக் கும்பிடுவது, மலைக்குப் போவது, பழைய காலத்து மலை ரயிலில் ஒரு பயணம், கடைசியில் தெற்கே காட்டில் யானையும் சிறுத்தையும் பார்ப்பது. எட்டு நாள். என்னைச் சேர்த்ததற்கு இரண்டு காரணம். நான் சமைப்பேன், அங்கே போய்ப் பத்துப் பதினைந்து பர்மியர்கள் நாப்பி மீன் விழுது இல்லாமல் எட்டு நாள் இருக்க மாட்டார்கள். இரண்டாவது, எனக்குத் தமிழ் தெரியும்.

தமிழ் எதற்கு என்றால், அங்கே எங்களுக்கு வேன் ஓட்டியவர் தமிழர். மலைநாட்டுக்காரர், தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர் என்பதால் டிரைவர் அண்ணன் என்று கூப்பிட்டேன். அவர் என்னை "ரங்கூன் தம்பி" என்பார். நான் எழுத வந்தது அவரைப் பற்றித்தான்.

எங்கள் வேலை இப்படி நடக்கும். யாராவது யாத்திரிகர் சயாவிடம் ஒன்றைக் கேட்பார். சயா எனக்குப் பர்மியத்தில் சொல்வார். நான் டிரைவர் அண்ணனுக்குத் தமிழில் சொல்வேன். அவர் கடைக்காரருக்கோ போலீஸ்காரருக்கோ கோயில் ஆளுக்கோ சிங்களத்தில் சொல்வார். பதில் அதே வழியில் திரும்பி வரும். ஒரு தேங்காய் வாங்க மூன்று வாய் வேண்டும். சயா நீட்டி முழக்கிப் பேசுவார். அதை நான் பாதியாக்குவேன். டிரைவர் அண்ணன் அதையும் மூன்று வார்த்தையாக்கி விடுவார். "என்ன அண்ணே, அவ்வளவு பேசினாரு, நீங்க இம்புட்டுதான் சொன்னீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன். "ரங்கூன்ல ஏத்தின சரக்குல கண்டி வந்து சேந்தது அவ்வளவுதான் தம்பி, வழியில நீங்க எறக்கிட்டீங்க" என்றார். நான் எப்போதும் "சயா சொல்றார்" என்று தொடங்கித்தான் மொழிபெயர்ப்பேன். அதை வைத்தும் கிண்டல். நான் தண்ணீர் கேட்டால்கூட, "இது சயாவுக்குத் தாகமா, உங்களுக்குத் தாகமா?" என்பார்.

அவர் கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். பயணிகளுக்கு இடங்களைக் காட்டலாம், விளக்கலாம் என்கிற அனுமதி அட்டை. அது இல்லாவிட்டால் அவர் வெறும் டிரைவர். வேன் யாருடையதோ அவர் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. அட்டை இருப்பதால் கம்பெனிகள் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டு அழைத்தன. பரீட்சையில் மூன்று தடவை தோற்று, நாலாவது தடவை வாங்கியதாம். அவர் லயத்தில் அப்படி ஓர் அட்டையை முதலில் வாங்கியவர் அவர்தான். அவருடைய அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் மூன்று நாள் வைத்திருந்து, பிறகுதான் போட்டுக்கொள்ளக் கொடுத்தாராம். சாப்பிடும்போது குழம்பு பட்டுவிடும் என்று சட்டைக்குள் போட்டுக்கொள்வார். சாப்பிட்டு முடித்ததும் வெளியே எடுப்பார்.

அந்த அட்டைக்குத் தகுதியான மனிதர். வேன் ஓடும்போதே கண்ணாடி வழியாக மரத்தைக் காட்டி, அதில் உட்கார்ந்திருக்கும் பறவையின் பெயர் சொல்வார். பனிக்குள் நிற்கும் மரை மான்களைப் பார்க்க மலைமேல் அதிகாலையில் கூட்டிப்போனார். இன்ஜினை அணைத்துவிட்டு எல்லோரையும் மூச்சுவிடாமல் இருக்கச் சொன்னார். நான் அதை மொழிபெயர்க்கக்கூட இல்லை, அவர் முகத்தைப் பார்த்தே குழுவில் இருந்த பதினான்கு பேரும் அடங்கினார்கள். குளிரில் நாங்கள் லப்பே என்கிற ஊறவைத்த தேயிலையைப் பூண்டும் நிலக்கடலையும் சேர்த்துத் தின்றதைப் பார்த்து அவருக்குத் தாங்கவில்லை. "எங்காத்தா நாப்பது வருசம் கொழுந்து கிள்ளுச்சு தம்பி. ஒரு எலையத் தின்னதில்ல. நீங்க மலையையே தின்னு தீத்துருவீங்க போலருக்கே!" நான் ஒரு கரண்டி கொடுத்தேன். மென்று பார்த்துவிட்டு, "இது தெரிஞ்சிருந்தா சின்ன வயசுல நான் பசியில கெடந்திருக்க மாட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்தக் குழுவில் பச்சைக்கல் வியாபாரம் செய்கிற ஒரு டோ, வயதான அம்மா, இருந்தார். பணக்கார விதவை. பாதிப் பேர் அவர் சொல்லித்தான் வந்தவர்கள். ஐந்தாம் நாள் அவருக்கு எழுபது முடிந்தது. அன்றுதான் மலை ரயில். முந்தைய நாள் காலையில் அவர் சயாவிடம் சாதாரணமாகச் சொன்னார்: "நாளைக்குக் குருவி விடணும், எழுபத்தொண்ணு." ரங்கூனில் அதைச் சொன்னால் எந்தப் பயா வாசலிலும் அரை மணியில் முடிந்துவிடும் வேலை. சயா தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நான் டிரைவர் அண்ணனைப் பார்த்தேன்.

அவர் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் துணியைக் கீழே வைத்தார். "விடுறதுக்குக் குருவி எங்கருந்து வரும் தம்பி?"

"யாராவது பிடிச்சுத் தருவாங்கல்ல?"

"விடுறதுக்காகப் புடிக்கிறதா?" ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். நான் விளையாடுகிறேனா என்று பார்த்தாரோ என்னவோ. பிறகு அட்டையைத் தொட்டுக் காட்டினார். "இங்க காட்டுக் குருவியப் புடிச்சா குத்தம். நான் அதுல கை வச்சேன்னா இது போயிரும். வேற என்ன வேணாலும் கேக்கச் சொல்லுங்க. விளக்கு வைக்கட்டும், பூ வைக்கட்டும். விடியக்காலம் நான் போய் வாங்கியாறேன்."

நான் அதைச் சயாவிடம் சரியாகச் சொன்னேன். அட்டை போய்விடும் என்பதையும் சொன்னேன். இதை நன்றாகக் கவனி, பெரியவளே. தெரியாமல் நடந்தது என்று சயா பிற்பாடு சொன்னது பொய். சயா கேட்டுவிட்டு, "அவனை ஏன் கேட்டே? உனக்கு வாய் இல்லையா, தமிழ் இல்லையா?" என்றார்.

எனக்கு வாயும் இருந்தது, தமிழும் இருந்தது. அன்று மாலை நுவரெலியா சந்தையில் லீக்ஸ் காய்கறி விற்ற ஓர் ஆளிடம் பேச்சுக்கொடுத்தேன். உருளைக்கிழங்கு வயலில் வலை வைக்கிற ஒருவனைக் காட்டினான். விடியும் முன்னே எழுபத்தொன்றும் வந்துவிட்டன. சில்லைக் குருவிகள், நேற்று உனக்கு எண்ணிப் போட்டார்களே, அதே இனம்தான். காய்கறி வரும் பெரிய கூடை. "துணியப் போட்டா ராத்திரின்னு நெனச்சு அடங்கிரும்" என்று வலைக்காரன் சொல்லித் தந்தான். பூஜைக்குக் கொண்டுவந்திருந்த ஊதாத் துணியை நானே மேலே கட்டினேன். ரயிலில் கொண்டுபோக முடியாது, ஆட்கள் பார்ப்பார்கள். அங்கே ஒரு முறை இருக்கிறது. பயணிகளை ரயிலில் ஏற்றிவிட்டு வேன் காலியாகச் சாலையில் ஓடிப் போய் மறுமுனை ஸ்டேஷனில் காத்திருக்கும். கூடையை வேனில் வைத்தேன்.

"என்ன தம்பி இது?"

"பூஜைப் பூ அண்ணே. துணிய எடுக்காதீங்க, வாடிரும்."

அவர் அதைத் தூக்கி, வெயில் படாமல் தன் இருக்கைக்குப் பின்னால் வைத்தார். எவ்வளவு மெதுவாக வைத்தார் தெரியுமா? நேற்று நான் கூடையைப் பிடுங்கி வைத்தது போல இல்லை.

நானுஓயா ஸ்டேஷனில் எங்களை ஏற்றிவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இன்ஜின்காரர் ஒரு பெரிய வளையத்தைக் கை மாற்றுவார், அதைப் பார்க்கத் தவறாதீர்கள் என்றார். ஒற்றைத் தண்டவாளம், அந்த வளையம் கைக்கு வராமல் ரயில் நகரக் கூடாது, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அப்படித்தான் என்று நான் மொழிபெயர்த்தேன். அவர் அந்த ரயிலில் சின்ன வயதில் ஒரே ஒரு தடவை போயிருக்கிறாராம். "இத்தன வருசமா ஏத்தி விடுறேன், கூட ஏறத்தான் முடியல. வேன யாரு ஓட்டுறது?" அந்த டோ அம்மாவுக்கு இவரை ரொம்பப் பிடிக்கும். ஐந்து நாளில் இவரிடம் சில சிங்களச் சொற்கள் கேட்டு வைத்திருந்தார். ஜன்னல் வழியாகத் தன் கைப்பையைத் தட்டி, "மகே!" என்றார். என்னுடையது என்று அர்த்தம். டிரைவர் அண்ணன் வேனைத் தட்டி, "மகே இல்ல, முதலாளி மகே!" என்றார். அது யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை, பெட்டி முழுவதும் சிரித்தது.

அந்த மலையைப் பற்றி நான் உங்களுக்குச் சொன்னதே இல்லை. சொல்லத் தகுதி இல்லை என்று நினைத்தேன். நீல நிறப் பெட்டிகள். கதவைத் திறந்து வைத்து, படியில் கால் தொங்கப்போட்டு உட்காரலாம். ஒரு பக்கம் கைக்கு எட்டும் தூரத்தில் பாறை, பாறையில் பாசி, பாசியில் தண்ணீர். மறுபக்கம் ஒன்றுமே இல்லை, வெள்ளையாக மேகம். திடீரென்று அது விலகினால் அடியில் எங்கோ ஒரு பள்ளத்தாக்கும், தீப்பெட்டி போல வரிசை லயங்களும், தேயிலைக்குள் நகரும் தலைத்துணிகளும். ரயில் அவ்வளவு மெதுவாகப் போனது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அந்த வளையம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஆனால் எனக்குக் காதில் இருந்தது ஒரே சத்தம். துணிக்கு அடியில் சிறகு உரசுகிற சத்தம். இவ்வளவு அழகான இடத்தில் உட்கார்ந்து, அழகைக் காட்டிய மனிதனின் முதுகுக்குப் பின்னால் நான் என்ன வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். இறங்குகிற ஸ்டேஷனில் அவர் காத்திருப்பார், கூடையைச் சட்டென்று எடுத்துவிடலாம், ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

எல்ல என்கிற ஊர் ஸ்டேஷனில் இறங்கினோம். வேன் இல்லை. கால் மணி, அரை மணி. உள்ளூர் சிம் போட்ட போன் என்னிடம்தான் இருந்தது. அது அடித்தது.

"ரங்கூன் தம்பி." குரலில் கோபம் இல்லை. "பூன்னு சொன்னீங்களே. வாடிறக் கூடாதுன்னு ஏசி போட்டுட்டு வந்தேன்."

நான் யாத்திரிகர்களை விட்டுத் தள்ளி நடந்தேன்.

"காட்டுக்குப் பக்கத்துல செக்கிங். வனவிலங்கு ஆபீசருங்க நிக்கிறாங்க. இது யாரோடதுன்னு கேக்குறாங்க. இவங்களுக்குத் தமிழ் தெரியாது. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். நீங்க எனக்குச் சொல்லுங்க, நான் இவங்களுக்குச் சொல்றேன்."

சயா பக்கத்தில் வந்து நின்றார். என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நாங்கள் யாத்திரிகர்கள், எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பறவை டிரைவருடையது. அப்படிச் சொல். என் பெயரை இழுக்காதே." நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "பதினாலு பேரோட பாஸ்போர்ட் என்கிட்ட இருக்கு. எழுபது வயசு அம்மாவைப் பொறந்தநாள் அன்னிக்கு ஸ்டேஷன்ல உட்கார வைப்பியா? அவனுக்கென்ன, இந்த ஊர்க்காரன், சமாளிச்சுக்குவான். நீ மாட்டினா உன் பெண்டாட்டி பிள்ளைக்கு யார் சோறு போடுறது?"

பெண்டாட்டி என்றது உங்கள் அம்மாவை. பிள்ளை என்றது உன்னை. உங்களைச் சாக்காக வைத்துத்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அதனால்தான் இதை உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது.

"அந்தக் குருவி எங்களோடது இல்ல அண்ணே" என்றேன். "அது டிரைவரோடதுதான்."

யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னேன். 'உங்களோடது' என்றுகூட வாயில் வரவில்லை. பிறகு அவர் கேட்டார்:

"சயா சொல்றாரா தம்பி, நீங்க சொல்றீங்களா?"

அவர் எனக்குக் கதவைத் திறந்துவிட்டார், பெரியவளே. ஐந்து நாளும் கிண்டலாகக் கேட்ட அதே கேள்வி. 'சயா சொல்றார்' என்று வழக்கமாகச் சொல்லுகிற அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதும், நான் பொய்க்காரன் இல்லை என்றாவது அவருக்குத் தெரிந்திருக்கும். சயாவின் கை என் தோள்மேல் இருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சயா என்கிற சொல் எந்த மொழியில் வந்தாலும் அவருக்குத் தெரியும்.

"நான்தான் சொல்றேன்" என்றேன்.

"சரி தம்பி. அப்படியே சொல்லிர்றேன்."

அவர் அப்படியே சொன்னார். எனக்குச் சிங்களம் தெரியாது. அவருக்கு வேண்டியதை அவர் சொல்லியிருக்கலாம். நடுவில் இருக்கும் வாய் அவருடையது. ரங்கூன்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்று மாற்றிச் சொல்லியிருந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்? அன்றுவரை எங்கள் பேச்சையெல்லாம் வெட்டிச் சுருக்கியவர், அன்று ஒன்றையும் வெட்டவில்லை. அவர் பேசியதில் எனக்குப் புரிந்தது ஒரே சொல். மகே. காலையில் கைப்பையைத் தட்டிச் சிரித்தோமே, அந்தச் சொல். பிறகு போன் நின்றுவிட்டது.

வேறொரு வேன் வந்தது. அன்று மாலை விடுதியில் டோ அம்மா குருவி எங்கே என்று கேட்டார். சயா கை கூப்பிச் சொன்னார்: "உங்க பேர்ல அரசாங்க ஆபீசருங்க கையாலேயே காட்டுக்குள்ள விட்டாச்சு. யார் கையால விட்டா என்ன, புண்ணியம் உங்களுக்குத்தானே!" ஒரு விதத்தில் அதில் பொய்யே இல்லை. பதினான்கு பேரும் கண்ணை மூடி மூன்று தடவை, நற்செயல் என்று வாழ்த்தி, ஸாது, ஸாது, ஸாது என்றார்கள். நான் சமையல் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பாத்திரத்தைத் தூக்கிச் சுவரில் அடித்திருக்க வேண்டிய கை இது.

தெற்கே காட்டில் சிறுத்தையும் பார்த்தோம். பாறைமேல் படுத்திருந்தது என்றார்கள். எல்லோரும் படம் எடுத்தார்கள். எனக்கு அதன் முகம் நினைவில்லை. விமான நிலையம் போகும் வழியில் புது டிரைவர் சொன்னார், நான் கேட்காமலே: "அட்டையப் புடுங்கிட்டாங்க. கேசு நடக்குது. மனுசன் ஒரு வார்த்த பேசலியாம். காய்கறி லொறி ஓட்டப் போறாராம்." சயா முன் இருக்கையில் இருந்தார். என்ன சொல்கிறான் என்று என்னிடம் கேட்டார். "டிராஃபிக் இல்லையாம்" என்று மொழிபெயர்த்தேன்.

இதற்குப் பிறகும் அந்தத் தாமுவே அறையில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். மூன்று வருஷம், குழந்தைகளே. இலங்கைக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு பயணம் போனேன். அந்த மலையில் ஒவ்வொரு காய்கறி லொறியையும் எட்டிப் பார்த்தேன்; பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டேன். சயா குருவிக் கதையைப் புதிய யாத்திரிகர்களுக்கு வேடிக்கையாகச் சொல்வார். அதில் டிரைவர் ஒரு கள்ளன், பறவை கடத்துபவன். நாங்கள் தப்பித்தது புத்தர் அருள். ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்து, "இல்லையா?" என்பார். நான் தலையாட்டுவேன்.

அவர் கெட்டவர் என்று எழுதினால் எனக்கு வசதி. ஆனால் கோவிட் நேரத்தில் உங்கள் அம்மாவுக்கு மூச்சுத் திணறியபோது, ஊரே ஆக்சிஜனுக்கு வரிசையில் நின்றபோது, எங்கிருந்தோ ஒரு சிலிண்டர் பிடித்து, நாலு மாடியும் தன் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். அப்போது நான் அவரிடம் வேலையில்கூட இல்லை. அந்தச் சிலிண்டர் பல நாள் என் வாயை அடைத்தது. இப்போது யோசித்தால் அதுதான் இன்னும் கோபம். தன் கண்ணுக்குத் தெரிகிறவனுக்கு உயிரைக் கொடுப்பார். வேன் கதவைச் சாத்தியதும் கண்ணில் படாதவனை நசுக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். அவர் மட்டும் இல்லை, நானும் அப்படித்தான். அவருக்காவது அது பொய் என்று தோன்றவே இல்லை. எனக்கு ஒவ்வொரு நாளும் தோன்றியது. தோன்றியும் சும்மா இருந்தேனே, அதற்கு என்ன பெயர் வைப்பது?

நானுஓயா ரயில் டிக்கெட் ஒன்று என்னிடம் இருக்கிறது, விரல் அளவு கெட்டி அட்டை. அதன் பின்னால் டிரைவர் அண்ணன் தன் கையால் நம்பர் எழுதித் தந்திருந்தார். நேற்று வீட்டுக்கு வந்ததும், நீங்கள் கேக் வெட்டாமல் படுத்துவிட்ட பிறகு, அந்த நம்பருக்கு அடித்தேன். அப்படி ஒரு நம்பர் இப்போது இல்லையாம். அவருடைய தோட்டத்தின் பெயர் எனக்குத் தெரியும். அந்த விலாசத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அங்கே வனவிலங்கு ஆபீசுக்குத் தனியாக ஒன்று, யார் குருவியை வாங்கியது, யார் துணி கட்டியது, யார் பூ என்று சொன்னது என்று. போய்ச் சேருமா, சேர்ந்தால் ஒன்பது வருஷம் பழைய வழக்கில் எதுவும் மாறுமா, தெரியாது. மாறாது என்றுதான் நினைக்கிறேன்.

சின்னவனே, நீ கேட்டதற்கு இதுதான் பதில். குருவி தானாகக் கூடைக்குள் வருவதில்லை. யாரோ ஒருவன் வலை வைக்கிறான், யாரோ சுமக்கிறான், யாரோ மாட்டுகிறான். கடைசியில் கையை விரித்து நிற்பவனுக்குப் புண்ணியம். பெரியவளே, உன்மேல் எனக்குக் கோபமே இல்லை. உன் கையை அப்படி இழுத்ததற்கு என்னை மன்னித்துவிடு.

இன்று காலை கடிதங்களைத் தபாலில் போட்டுவிட்டு, அப்படியே தனியாகப் பயா வாசலுக்குப் போனேன். அந்த அம்மா என்னைக் கண்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்.

"வந்துட்டியா! காசு வாங்கின குருவிய மறுபடி விக்கக் கூடாது, எனக்குப் பாவம். ராத்திரி பூரா தண்ணி வச்சுக் காவல் காத்தேன். கேக்கிறவங்களுக்கெல்லாம், இது அந்தக் கோவக்கார அப்பனோட குருவின்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. உன்னோடதுதானே?"

பூ விற்பவளும், சைக்கிள் ரிக்ஷாக்காரரும், பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மா மறுபடியும் கேட்டார்.

"ஆமா" என்றேன். "என்னோடதுதான்."

கூடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, கூட்டம் இல்லாத ஏரிக்கரைப் பக்கம் நடந்தேன். கூடை வாயில் கட்டியிருந்த வலையின் முடிச்சை அவிழ்த்தேன். யார் பெயரும் சொல்லவில்லை, எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. பதினொன்று பறந்தன. ஒன்று நடந்து போய்ப் புல்லுக்குள் நின்றது. ஒன்று கூடைக்குள்ளேயே செத்துக் கிடந்தது. நேற்று அந்தக் கூடையைப் பிடுங்கித் தரையில் வைத்தது நான். கையாலேயே மண்ணைத் தோண்டிச் செத்த குருவியைப் புதைத்துவிட்டு, வெறும் கூடையைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன்.